துணி கட்டிய கேன்

என் மகன் தவழ ஆரம்பித்திருந்த சமயம் அது. சிவகாசியை ஒட்டிய நாரணாபுரத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். கணவருக்குக் காலண்டர் அடிக்கிற பிரஸ்ஸில் வேலை. நான் பிரசவத்துக்காக வேலையை விட்டுவிட்டுப் பிள்ளையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். தாய்ப்பால் போதவில்லை, பாதிக்குப் பாதி புட்டிப்பால்தான். எங்கள் தெருவில் போர் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. அதில் பருப்பைப் போட்டால் அது வேகும்வரை நாம் வெந்துபோக வேண்டியதுதான். குடிக்க, சமைக்க, பிள்ளைக்குப் பால் கலக்க எல்லாவற்றுக்கும் கேன் தண்ணீர்.

ஆமத்தூர் ரோட்டில் கணவனும் மனைவியுமாக ஒரு சின்னத் தண்ணீர் கம்பெனி நடத்திவந்தார்கள். அவர் மெஷினையும் வண்டியையும் பார்த்துக்கொள்வார். அந்த அக்காவின் வேலை எங்களுக்கெல்லாம் சேதி சொல்வது. கேன் வாங்குகிற அத்தனை வீட்டுக்கும் காலையில் வாட்ஸ்அப்பில் அவருடைய குரல் வந்துவிடும். எழுதி அனுப்பும் வழக்கம் அவரிடம் கிடையாது. பேசித்தான் அனுப்புவார்.

"எல்லாருக்கும் வணக்கம். தண்ணி கம்பெனியிலருந்து பேசுறேன். கரண்ட் வர லேட்டாகும்னு சொல்லிட்டாக. மதியத்துக்கு மேலதான் லோடு வரும். இருக்கிற தண்ணிய பாத்துச் செலவழிங்க."

இது சாதாரண நாள். சில நாள் இதுவே நீண்டுவிடும். தொட்டி கழுவுகிறோம், அதனால் தண்ணீர் ருசி கொஞ்சம் மாறித் தெரியும், பயப்படாதீர்கள் என்பார். தீபாவளி சீசன், பட்டாசு ஆலைகளுக்கு லோடு கூடிவிட்டது, வீடுகளுக்கு ஒரு கேன் குறைத்துத்தான் போடுவோம், கோபிக்காதீர்கள் என்பார். நடுவில் குக்கர் விசில் அடிக்கும். அவர் வளர்த்த ஆடு வந்து எதையாவது இழுக்கும். "சீ, போ அங்கிட்டு" என்று அதை விரட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடருவார். எதையும் அழித்துவிட்டுத் திரும்பப் பேசுகிற பழக்கம் இல்லை. ஒருமுறை மீன்காரரிடம் சண்டை போட்டது முழுவதும் எங்கள் எல்லோருக்கும் வந்து சேர்ந்தது. அன்றைக்குத் தெருவே சிரித்தது. அந்த மீன்காரர் கொஞ்ச நாள் எங்கள் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆரம்பத்தில், "தண்ணி விக்கிறவுகளுக்கு எதுக்கு இம்புட்டுப் பேச்சு, ரேடியோ ஸ்டேஷனா நடத்துறாக" என்று கணவரிடம் கிண்டல் செய்தேன். போகப்போக அந்தக் குரல் வராமல் எனக்கு விடியவில்லை. ஒருநாள் அவரிடமே போனில் கேட்டுவிட்டேன், எதற்கு அக்கா தினமும் சிரமப்படுகிறீர்கள் என்று. "தண்ணி பின்னால வரட்டும் தாயி. சேதி முன்னால போயிரணும். கேனை எதிர்பாத்து உக்காந்திருக்கிற வீட்டுக்கு, வராதுங்கிறதும் ஒரு சேதிதான" என்றார்.

ஒரு நாள் மட்டும் அவர் அதிகம் பேசவில்லை. எங்கேயோ ஒரு ஆலையில் வெடி விபத்து. "இன்னைக்கு லோடு பூராவும் ஆஸ்பத்திரிக்குப் போகுது. வீட்டுக்கு வராது." அவ்வளவுதான். பின்னால் ஆடு கத்தியது, அதைக்கூட விரட்டவில்லை. அன்றைக்கு எங்கள் தெருவில் ஒருவரும் தண்ணீர் கேட்டுப் போன் செய்யவில்லை. போர் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்துக்கொண்டோம்.

என் மகனுக்கும் அந்தக் குரலுக்கும் ஏற்பட்ட உறவைச் சொன்னால் நம்புவீர்களோ என்னவோ. புட்டியைக் கண்டாலே தலையைத் திருப்பிக்கொள்கிறவன், அந்த அக்கா பேசுகிறதைக் கேட்டால் அப்படியே அசையாமல் இருப்பான். கண் இரண்டும் போனிலேயே நிற்கும். வாய் தானாகத் திறக்கும். நான் சும்மா இருப்பேனா? பால் கொடுக்கிற நேரமெல்லாம் காலையில் வந்த சேதியைப் போட்டுவிடுவேன். கரண்ட் வந்து போன பிறகும் எங்கள் வீட்டில் கரண்ட் வர லேட்டாகிக்கொண்டே இருக்கும். "உன் மகன் அம்மான்னு சொல்றதுக்கு முன்னாடி லோடுன்னு சொல்லப்போறான் பாரு" என்பார் கணவர்.

அந்த நாளும் எல்லா நாளையும் போலத்தான் ஆரம்பித்தது. காலையில் சேதி வந்தது, பின்னாலேயே வண்டி வந்தது, கேன் இறங்கியது. நான் புதுக் கேனின் மூடியை உடைத்துத் தண்ணீரைக் காய்ச்சினேன். குளிப்பாட்டித் தூங்கவைத்த பிள்ளை பத்தரை, பதினொன்று வாக்கில் அழுதுகொண்டே எழுந்தான். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் பாலைக் கலந்து, மடியில் போட்டுக்கொண்டு போனை எடுத்தேன். தண்ணீர் கம்பெனியிலிருந்து இன்னொரு சேதி வந்திருந்தது.

ஒரே நாளில் இரண்டு சேதி அதுவரை வந்ததே இல்லை. மீன்காரர் திரும்ப வந்துவிட்டாரோ என்று சிரித்துக்கொண்டேதான் அதைத் தட்டினேன். புட்டியை மகன் வாயில் வைத்தேன்.

வழக்கமான வணக்கம் இல்லை. குரல் பதறியது.

"இன்னைக்குக் காலையில எறக்குன கேன் தண்ணிய யாரும் குடிக்காதீக. காய்ச்சியும் குடிக்காதீக. சின்னப் புள்ளைகளுக்குக் குடுத்துராதீக. பசைக்கு மயில்துத்தம் கரைச்ச கேன் ஒண்ணு தெரியாம நம்ம லோடுல சேந்துபோச்சு. நாங்க கழுவித்தான் ரொப்புனோம். ஆனா கழுவுனத நான் நம்பல, நீங்களும் நம்பாதீக. கேனுக்கு அடியில கிளிப் படம் போட்ட லேபிள் ஒட்டியிருக்கும். யாரு வீட்ல இருந்தாலும் எனக்கு உடனே போன் பண்ணுங்க. தப்பு எங்க மேலதான்."

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பட்டாசுக்குக் காகிதக் குழாய் சுற்றுகிற வேலையை நிறையப் பெண்கள் வீட்டிலேயே செய்வார்கள். அதற்கு மைதா மாவில் பசை காய்ச்ச வேண்டும். எலியும் பூச்சியும் பசையைத் தின்றுவிடாமல் இருக்க மயில்துத்தத்தைத் தண்ணீரில் கரைத்து அதில் சேர்ப்பார்கள். அழகான மயில்கழுத்து நீலம். ஆனால் விஷம். கேனும் நீலம், துத்தமும் நீலம். உள்ளே கறை படிந்திருந்தால் யார் கண்ணுக்கும் தெரியாது.

புட்டியை எப்படிப் பிடுங்கினேன் என்று எனக்கு நினைவில்லை. மகன் வீறிட்டான். அவன் உதட்டு ஓரத்தில் ஒரு சொட்டுப் பால் நின்றது. உறிஞ்சினானா, இல்லையா? அந்தக் குரல் வந்தால் முதலில் வாயைத் திறந்தபடி கொஞ்சம் கேட்பான், பிறகுதான் சப்ப ஆரம்பிப்பான், அது எனக்குத் தெரியும். ஆனால் நான் பிடுங்குவதற்குள் ஒரு வாய் உள்ளே போயிருந்தால்? புட்டியைத் தூக்கிப் பார்த்தேன். கலக்கும்போது எதுவரை இருந்தது என்று யார் பார்த்தார்கள்?

பிள்ளையைத் தரையில் விட்டுவிட்டுக் கேனைச் சாய்த்தேன். தண்ணீர் கொட்டி அடுப்படி முழுக்க ஓடியது. கேனின் அடியில் பாதி கிழிந்த ஒரு கிளி. சிவப்பு மூக்கோடு என்னைப் பார்த்தது. எங்கள் ஊரில் பிள்ளைகள் கையில் பட்டாசு லேபிள் கிடைத்தால் கதவு, சைக்கிள், பள்ளிக்கூடப் பை என்று ஒட்டாத இடம் கிடையாது. யார் வீட்டுப் பிள்ளையோ ஒட்டியது.

அந்த அக்காவுக்குப் போன் செய்தேன். "கிளி இங்கதான் இருக்கு" என்றேன். அவர், "புள்ளைக்குக் குடுத்தியா தாயி?" என்று மட்டும் கேட்டார். தெரியவில்லை என்று அழுதேன்.

நான் பிள்ளையை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வருவதற்குள் கம்பெனி வண்டி வந்து நின்றது. அதுவரை நான் அந்த அக்காவை நேரில் பார்த்ததே இல்லை. அந்தக் குரலுக்கு ஆகிருதியான ஒரு பெண்மணியைத்தான் மனதில் வைத்திருந்தேன். வண்டியிலிருந்து இறங்கியது ஒல்லியான, குட்டையான ஒரு பெண். நைட்டிக்கு மேல் துண்டு. காலில் செருப்பு இல்லை. கேனையும் புட்டியையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு, எங்களை ஏற்றிக்கொண்டு, வண்டி ஓட்டிவந்த தன் கணவரை ஆஸ்பத்திரிக்கு விரட்டச் சொன்னார். வழி முழுக்க அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. தினமும் ஊருக்கே பேசுகிறவர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

டாக்டர் பிள்ளையைப் பார்த்தார், புட்டியை மோந்து பார்த்தார், என்ன நடந்தது என்று கேட்டுக்கொண்டார். போயிருந்தாலும் துளிதான் போயிருக்கும், ஆனாலும் சாயங்காலம் வரை இங்கேயே வைத்துப் பார்ப்போம், வாந்தி எடுத்தால் உடனே கூப்பிடுங்கள் என்றார். வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்தோம். கணவர் பிரஸ்ஸிலிருந்து மை ஒட்டிய கையோடு ஓடிவந்தார். கம்பெனிக்காரர்மேல் பாயத்தான் வந்தார். அந்த அக்கா எழுந்து நின்று, "திட்டுங்கய்யா, நாங்க பட்டுத்தான் ஆகணும்" என்றதும் என் கணவர் ஓங்கிய கையை இறக்கினார். உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு அவ்வளவு பெருந்தன்மை இல்லை. "துத்தத்தைக் கரைச்ச கேனை எவ குடுத்தா? அவ வெளங்குவாளா?" என்று கேட்டேன். யார் என்று சொல்லுங்கள் என்று நச்சரித்தேன். அவர் சொல்லவே இல்லை. "வாங்கி ரொப்புனது நாங்க. மோந்து பாக்காம கழுவுனது நாங்க. என்னையப் பேசு" என்றார்.

மதியம் போய் வெயில் இறங்க ஆரம்பித்தது. பிள்ளை வாந்தி எடுக்கவில்லை. பசியில் சிணுங்கினான், நர்ஸம்மா வேறு பால் கலந்து கொடுத்தார், பாதி குடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். புது இடம், மருந்து வாடை, ஒரே அழுகை. யார் தூக்கினாலும் அடங்கவில்லை. அந்த அக்காவின் போன் ஓயாமல் அடித்துக்கொண்டே இருந்தது. கேன் கிடைத்ததா, எங்கள் வீட்டுக் கேனை என்ன செய்ய என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். "எல்லாரும் பயந்துபோய் உக்காந்திருப்பாக, சேதி சொல்லிருதேன்" என்று என்னிடம் கேட்டுக்கொண்டு, பெஞ்சின் ஓரத்தில் தள்ளி உட்கார்ந்து போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்தார்.

"எல்லாருக்கும் வணக்கம். தண்ணி கம்பெனியிலருந்து பேசுறேன்."

மடியில் கத்திக்கொண்டிருந்த என் மகன் சட்டென்று நிறுத்தினான். கண்ணீரும் மூக்குமாகத் தலையைத் திருப்பித் தேடினான். இத்தனை நாளும் போனுக்குள் இருந்து வந்த குரல் எதிரே ஒரு முகத்திலிருந்து வருவதைப் பார்த்தான். என்ன நினைத்தானோ, கலகலவென்று சிரித்துக்கொண்டு இரண்டு கையையும் அவரை நோக்கி நீட்டிவிட்டான்.

அவர், "கேன் கெடச்சிருச்சு. அந்த வீட்டுப் புள்ள..." என்று ஆரம்பித்தவர், பிள்ளை நீட்டிய கையைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார். காலையிலிருந்து அழாதவர் அப்போதுதான் அழுதார். நான்தான் பிள்ளையை அவர் மடியில் வைத்தேன். வைத்தபோது எனக்கிருந்த கோபம் எங்கே போனது என்று எனக்கே தெரியவில்லை. அவர் பிள்ளையை அணைத்தபடி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "புள்ள நல்லா இருக்கான். இந்தா சிரிக்கிறான், கேளுங்க" என்று முடித்தார். வழக்கம்போல எதையும் அழிக்கவில்லை. அவருடைய அழுகையும் என் மகனின் சிரிப்பும் அப்படியே எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தன. அன்று சாயங்காலம் நாங்கள் திரும்பியபோது தெரு முழுக்க வாசலில் நின்றது. ஒருவர்கூட என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. எல்லோரும் கேட்டுவிட்டிருந்தார்கள்.

மறுநாள் காலையில் வண்டி வந்தது. அந்த அக்காவின் கணவர் கிளிக் கேனை நடுத்தெருவில் வைத்து, எல்லோர் கண் முன்னாலும் அரிவாளால் இரண்டாகப் பிளந்தார். அதற்குப் பிறகும் நிறைய வீடுகள் வேறு கம்பெனிக்கு மாறின. "சத்தமில்லாம கேனை மாத்தியிருந்தா யாருக்குத் தெரியும்? வேலியில போன ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்ட கதைதான்" என்று பேசினார்கள். எனக்குத் தெரிந்து அந்த வேறு கம்பெனிகள் எதுவும் ஒருநாளும் வாயைத் திறந்ததில்லை. அவர்களிடம் தப்பே நடக்காது போலிருக்கிறது.

நாங்கள் மாறவில்லை. காலைச் சேதியும் நிற்கவில்லை. அதில் ஒரு விஷயம் மட்டும் புதிதாகச் சேர்ந்தது. "கேன்ல வேற எதையாவது ஊத்தி வச்சிருந்தா, கழுத்துல ஒரு துணியக் கட்டிக் குடுங்க. என்ன ஊத்துனீகன்னு கேக்க மாட்டோம். திட்ட மாட்டோம். வாங்கி வெட்டிப் போட்டுருவோம்." முதலில் ஒருவரும் கட்டவில்லை. ஊர் வாய்க்கு எல்லோருக்கும் பயம். பிறகு ஒரு நாள் எங்கள் தெருவில் ஒரு காலிக் கேனின் கழுத்தில் பழைய சேலைக் கிழிசல் ஒன்று தெரிந்தது. அப்புறம் இன்னொன்று.

கொஞ்ச நாள் கழித்து ஒரு பெண் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். பின் தெருவில் குழாய் சுற்றுகிறவள், முகம் தெரியும், பேசியதில்லை. கையில் பசை காய்ந்து வெள்ளையாக இருந்தது. வாளி உடைந்ததால் கேனில் துத்தத்தைக் கரைத்திருக்கிறாள். வீட்டில் இல்லாதபோது மாமியார் அதைக் கொட்டி அலசி, காலிக் கேன் என்று வண்டியில் போட்டுவிட்டார். மறுநாள் பசை காய்ச்சத் தேடியபோதுதான் தெரிந்தது. உடனே கிளி லேபிள் அடையாளத்தைச் சொல்லி அந்த அக்காவுக்குப் போன் செய்திருக்கிறாள். "அந்த அக்கா என் பேரைச் சொல்லல. எனக்குத்தான் சோறு எறங்கல" என்று அழுதாள்.

விளங்குவாளா என்று நான் கேட்டது இவளைத்தான். ஆனால் அவளைப் பார்த்ததும் எனக்கு வேறொன்று உறைத்தது. இவள் அன்றைக்குப் பயந்துகொண்டு வாயை மூடியிருந்தால் அந்த அக்காவுக்குத் தெரிந்திருக்காது. அந்த இரண்டாவது சேதி வந்திருக்காது. என் மகன் அந்தப் புட்டியை முழுசாகக் குடித்திருப்பான். அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, கேனிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தேன். அழுதுகொண்டே அண்ணாந்து குடித்தாள்.

இதெல்லாம் நடந்து ஆண்டுகள் ஆகின்றன. மகன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். அந்த அக்காவின் போரில் தண்ணீர் உப்பேறிவிட்டது, கணவருக்கும் முதுகு ஒத்துழைக்கவில்லை. கம்பெனியைக் கொடுத்துவிட்டு மகளோடு இருக்கப் போய்விட்டார்கள். கடைசிச் சேதியில் புதுக் கம்பெனியின் நம்பரைச் சொல்லிவிட்டு, "ஏதாச்சும் கொறை வச்சிருந்தா மன்னிச்சுக்கோங்க" என்றார். ஆடு கத்தியது. வழக்கம்போல விரட்டினார். நான் அதைக் கேட்டுவிட்டு அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். இப்போது வாங்குகிற கம்பெனிக்கு ஆப் இருக்கிறது. ஒரு டிங் சத்தம், நான்கு வார்த்தை, வண்டி கிளம்பிவிட்டது என்று படம். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் விடியற்காலையில் வீட்டுக்குள் ஒரு ஆள் வந்து பேசிவிட்டுப் போன மாதிரி இல்லை.

போன வாரம் புதுக் கம்பெனிக்காரர் காலிக் கேன்களை ஏற்றிக்கொண்டிருந்தார். "ஏன்க்கா, இந்த ஊர்ல மட்டும் சில கேன் கழுத்துல துணி கட்டியிருக்கீக? வேண்டுதலா?" என்று கேட்டார். வெயிலில் அவரை நிறுத்திவைத்து முழுக் கதையையும் சொன்னேன். லோடு லேட்டாகிறது என்று நெளிந்தவர், கிளிக்கு வந்ததும் வண்டியை அணைத்துவிட்டுக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, துணி கட்டிய கேன்களை மட்டும் தனியாக முன் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போனார். அந்தத் துணிகளைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்: என் மகன் இன்று ஓடி விளையாடுவது, திட்டு விழும் என்று தெரிந்தும் வாயைத் திறந்த இரண்டு பெண்களால்தான்.